பூஜ் கோட்டைக்குள் தெரு அகலம்: மூன்று மீட்டர் முடுக்கு ஆறு மீட்டர் ஆவது எப்படி?

முட்டுச்சந்து கேட்டது:

2001 ஜனவரி 26 காலை 8.46க்கு வந்த நிலநடுக்கத்தில் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் உள்ள பூஜ் நகரின் கோட்டைக்குள் இருந்த பழைய ஊர் நொறுங்கிப்போனது. பிறகு அந்தப் பகுதியை எட்டு டவுன் பிளானிங் (டி.பி.) ஸ்கீம்களாகப் பிரித்து, 1976ஆம் ஆண்டின் குஜராத் நகரமைப்புச் சட்டப்படி தெருக்களைத் திரும்ப வரைந்தார்கள் என்பது வரை தெரியும். எதைப் புரட்டினாலும் "தெருக்கள் அகலப்படுத்தப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிக்குள் நடந்த வேலை.

பேச வசதியாக ஒரு முடுக்கைக் கற்பனை செய்துகொள்வோம். அகலம் 3 மீட்டர், நீளம் 120 மீட்டர். ஒரு முனை கடைத்தெருவில் திறக்கிறது, மறுமுனை மூடியது. இருபுறமும் சேர்த்து 40 மனைகள்: 25 ச.மீ. அளவில் 12, 70 அளவில் 18, 150 அளவில் 8, 400 அளவில் 2. முக்கால்வாசி வீடுகள் தரைமட்டம், மிச்சம் நிற்கின்றன.

இந்த முடுக்கு எவ்வளவு அகலமாக வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்வது? கையகப்படுத்தாமல் நிலத்தை எப்படி எடுப்பது? எங்கே சொதப்பும்?

---

அளவைச்சங்கிலி பதில்:

அகலம் பிறகு. முதலில் எல்லை. எல்லை தெரியாமல் வரைகிற தெரு நீதிமன்றத்தில்தான் போய் முடியும்.

சொதப்பல் இடிபாடு அள்ளும் நாளிலேயே தொடங்கிவிடும். புல்டோசர்காரருக்குக் "காலி பண்ணு" என்று மட்டும் சொன்னால் அவர் கடைக்காலையும் சேர்த்து வழித்துவிடுவார். மனை எங்கே முடிந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். அதனால் அள்ளுவது அடிபீடத்தின் மேல்மட்டத்தோடு நிற்க வேண்டும். சுவர்க் கோட்டில் பெயின்ட் அடித்து, மனை எண் எழுதி, படம் எடுத்த பிறகே அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். மெதுவாக நடக்கிற வேலைதான். ஆனால் இதில் மிச்சம் பிடித்த ஒரு நாளுக்குப் பின்னால் ஒரு வருடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அளக்கும்போது எல்லா அளவுக்கும் ஆதாரமான கட்டுப்பாட்டுப் புள்ளிகளை முடுக்குக்கு வெளியே, வெடிப்பு காணாத தரையில், குறைந்தது மூன்று இடத்தில் நடுங்கள். பழைய எல்லைக்கல்லை ஆதாரமாக எடுக்காதீர்கள், கல்லே நகர்ந்திருக்கலாம். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியோடு சுற்றி வந்து தொடங்கின புள்ளியிலேயே மூடுங்கள். வரைபடம் 1:500. அதைவிடச் சிறிய அளவில் வரைந்தால் 25 ச.மீ. மனை வெறும் புள்ளியாகத்தான் தெரியும்.

அடுத்தது பரப்பு. ஒரே மனைக்குச் சொத்து அட்டை ஒரு பரப்பு சொல்லும், கிரயப் பத்திரம் ஒன்று சொல்லும், டேப் இன்னொன்று சொல்லும். எதை ஏற்பது என்ற விதியை அளப்பதற்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். அளந்த பிறகு விதி சொன்னால் யாருக்காகவோ வளைத்தது போலத் தெரியும்.

பொதுச்சுவர் விஷயத்தைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். கல் சுவர் 45 செ.மீ. தடிப்பு என்றால், மனையைச் சுவரின் நடுக்கோடு வரை அளப்பதா, உள்முகம் வரை அளப்பதா? 4 மீட்டர் முகப்பு, 6.25 மீட்டர் ஆழம் உள்ள 25 ச.மீ. மனையில் பக்கத்துக்கு 22.5 செ.மீ. என்பது 1.4 ச.மீ. இரண்டு பக்கமும் சேர்த்தால் 2.8. மனையில் பதினொரு சதவீதம் சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. மனையளவைப் பொறுத்துத் தெருவுக்காக எடுக்கும் பங்கு, அதாவது கழிவு, 30 ச.மீ.யில் தொடங்குகிறது என்றால், 28க்கும் 31க்கும் இடையில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை இந்தச் சுவர்தான் எழுதும்.

கடைசியாக, 40 மனை என்றால் 40 உரிமையாளர் என்று எண்ணிவிடாதீர்கள். தாத்தா பெயரில் அட்டை, மூன்று மகன்கள் வாய்மொழியாகப் பாகம் பிரித்தது, மாடியை மட்டும் விற்றது, முன்பக்கக் கடையில் பல வருட வாடகைதாரர் என்று பட்டியல் நீளும். மனை எண், அட்டைப் பரப்பு, அளந்த பரப்பு, முகப்பு, உரிமை கோருவோர், வாடகைதாரர், கட்டடத்தின் சேத நிலை என்று ஏழு பத்தியில் ஒரு பதிவேடு இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. சேத நிலைக்கு குஜராத்தில் ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரித்தார்கள். ஜி5 என்றால் முழுச் சரிவு. தெருக்கோட்டை எந்த மனை மேல் இழுக்கலாம் என்பதை அந்தப் பத்திதான் சொல்லும்.

---

வட்டச்சாலை பதில்:

அகலத்துக்கு வருகிறேன். இதற்கு இரண்டு வழியில் கணக்குப் போட்டு, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

ஒன்று, தேசியக் கட்டட விதித்தொகுப்பு. குடியிருப்புக்கான வழிக்கு 75 மீட்டர் நீளம் வரை 6 மீ, 150 வரை 7.5 மீ, 250 வரை 9 மீ, 400 வரை 12 மீ அகலம் என்று அட்டவணை போகிறது. உங்கள் 120 மீட்டருக்கு எழுத்துப்படி 7.5 மீ.

இரண்டு, இடிபாட்டுக் கணக்கு. பூஜ் பழைய ஊரில் மறுகட்டுமானத்துக்குத் தரைத்தளமும் அதற்கு மேல் ஒரு தளமும் என்று வரம்பு வைத்தார்கள். அதைச் சுமார் 7 மீட்டர் உயரம் என்று கொள்வோம். சுவர் தெருப்பக்கம் விழுந்தால் உயரத்தில் பாதி தூரம் வரை குவியல் பரவும் என்பது இங்கே நான் வைத்துக்கொள்ளும் அனுமானம்; கல் வீட்டுக்கு இன்னும் கூடலாம். பக்கத்துக்கு 3.5 என்றால் இருபுறமும் 7 மீட்டர். நடுவில் தீயணைப்பு வண்டி நுழைய 3 மீட்டர் விடுங்கள். வீட்டுமுகத்திலிருந்து எதிர்வீட்டுமுகம் வரை 10 மீட்டர் ஆகிறது. 7.5 மீட்டர் தெருவென்றால் இருபுறமும் வீட்டுக்கு முன் 1.25 மீட்டர் கட்டாத இடம், அதாவது முன்வெளி, விட வேண்டும். 6 மீட்டர் தெருவென்றால் இருபுறமும் 2 மீட்டர்.

1995 நிலநடுக்கத்தில் ஜப்பானின் கோபேயில் பார்த்ததும் இதை ஒட்டித்தான் இருந்தது. 4 மீட்டருக்குக் குறைந்த சந்துகள் பெரும்பாலும் அடைபட்டன. 8 மீட்டரும் அதற்கு மேலும் இருந்தவற்றில் பெரும்பாலும் வண்டி போக முடிந்தது. தீ பரவாமல் தடுக்க அதைவிடக் கூடுதல் அகலம் வேண்டும். ஆனால் கோபேயில் எரிந்தவை மரவீடுகள். பூஜின் கல்லுக்கும் மண்ணுக்கும் தீக்கணக்கை அப்படியே தூக்கி வைக்க வேண்டாம். இடிபாட்டுக் கணக்கு போதும்.

இப்போது முன்வெளியின் விலையைப் பாருங்கள். 4 மீட்டர் முகப்புள்ள 25 ச.மீ. மனையில் 1.25 மீட்டர் முன்வெளி 5 ச.மீ.யைத் தின்கிறது, அதாவது 20 சதவீதம். 2 மீட்டர் விட்டால் 8 ச.மீ., 32 சதவீதம். "சின்ன மனைக்குக் கழிவே இல்லை" என்று மேடையில் அறிவித்துவிட்டு, கட்டட விதியில் முன்வெளியாக அதை எடுத்துக்கொள்வது கணக்கில் வராத கழிவு. பட்டியலில் இது எங்கும் தெரியாது.

அதனால் ஒரே முடுக்கை அகலப்படுத்தி எல்லாவற்றையும் தீர்க்க நினைப்பது தப்பு. முதலில் எலும்புக்கூடு. பூஜ் வளர்ச்சித் திட்டத்தில் ஊரைச் சுற்றி வட்டச்சாலைகள், அவற்றை இணைக்கும் ஆரச்சாலைகள், கோட்டைக்குள் ஊடே போகும் இணைப்புகள் என்று வரிசை வைத்தார்கள். பழைய ஊரில் சந்துகள் குறுகலாக இருந்தது பாதிக் காரணம்தான். அவை மூடியிருந்ததும் கோட்டை வாசல்கள் சிலவே இருந்ததும் மீதிக் காரணம். 3 மீட்டர் சந்து இரண்டு பக்கமும் திறந்திருந்தால், ஓரிடத்தில் சுவர் விழுந்தாலும் ஆட்கள் மறுபக்கம் வெளியேறலாம். மூடிய சந்தில் வாயில் பக்கத்து முதல் வீடு விழுந்தால் உள்ளே இருக்கும் 39 மனையும் சிறைதான்.

என் தீர்ப்பு: 6 மீட்டர் தெரு, மறுமுனையைத் திறப்பது. திறந்துவிட்டால் நடுவில் உள்ள வீடும் ஒரு முனையிலிருந்து 60 மீட்டரில் இருக்கிறது. அட்டவணையை அப்படிப் பாதியாகப் பிரித்துப் படிக்கலாமா என்பதை உள்ளூர் ஆணையம் எழுத்தில் சொல்ல வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வரையாதீர்கள். திறக்கவே முடியாத இடத்தில் கடைசியில் வண்டி திரும்ப 81 ச.மீ. இடம் விட வேண்டும், எந்தப் பக்கமும் 9 மீட்டருக்குக் குறையாமல். நிலம் எங்கே என்று கேட்பீர்கள். அதை அடுத்தவர் சொல்லட்டும்.

---

கழிவுக்கணக்கு பதில்:

அடுத்தவர் வந்தாச்சு.

டி.பி. ஸ்கீமின் அடிப்படை எளிது. பகுதியில் உள்ள எல்லா மனைகளையும் ஒரே குவியலாகக் கருதி, ஒவ்வொன்றிலும் ஒரு பங்கைக் கழித்து, அந்தக் கழிவில் தெருவும் பொது இடமும் உருவாக்கி, மிச்சத்தைத் திருத்திய வடிவில் அவரவருக்கே திருப்பிக் கொடுப்பது. முந்தையது மூல மனை, பிந்தையது இறுதி மனை. வெற்று வயலில் இதைச் செய்வது எளிது. ஆயிரக்கணக்கான சின்ன மனைகள் நெருக்கிக் கிடந்த, பல வீடுகள் நின்றுகொண்டிருந்த பழைய ஊருக்குள் செய்தார்கள் என்பதுதான் பூஜின் தனிச்சிறப்பு.

வயல்வெளி ஸ்கீமில் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே சதவீதம் கழிப்பது வழக்கம். பூஜில் அது ஓடாது. 25 ச.மீ.யில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் மிச்சத்தில் படுக்கக்கூட முடியாது. நம் ஊர் கணக்கில் 30 ச.மீ. என்பது முக்கால் சென்ட். அதனால் படிநிலை வைத்தார்கள்: 30 ச.மீ. வரை கழிவு இல்லை, 100 வரை 10 சதவீதம், 200 வரை 20, 500 வரை 30, அதற்கு மேல் 35.

உங்கள் முடுக்குக்கு இதைப் போட்டுப் பார்ப்போம்.

25 ச.மீ. மனைகள் 12, கழிவு பூஜ்யம்.
70 ச.மீ. 18 மனை, தலைக்கு 7, ஆக 126.
150 ச.மீ. 8 மனை, தலைக்கு 30, ஆக 240.
400 ச.மீ. 2 மனை, தலைக்கு 120, ஆக 240.

மொத்தம் 606 ச.மீ. எல்லா மனையும் சேர்ந்து 3,560. சராசரி 17 சதவீதம்.

தெருவை 3லிருந்து 7.5 ஆக்க 4.5 × 120 = 540 ச.மீ. வேண்டும். 606 இருக்கிறது, 66 மிச்சம். மின்மாற்றிக்கும் ஒரு மரத்தடிக்கும் ஆகும். வட்டச்சாலை சொன்ன 6 மீட்டருக்கு 360 போதும். மறுமுனையைத் திறக்க, கடைசியில் 15 மீட்டர் ஆழமுள்ள மனை ஒன்றை 6 மீட்டர் அகலத்தில் வெட்டினால் இன்னும் 90. ஆக 450 போக 156 மிச்சம். அதைத் தெருமுனையில் சேர்த்து வைத்தால் சின்னத் திறந்தவெளி கிடைக்கும். நிலம் நடுங்கும்போது ஆட்கள் ஓடி நிற்க அதுதான் இடம். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவில் 52 சிறு பூங்காக்களைத் தொடக்கப்பள்ளிகளை ஒட்டியே வைத்தார்கள். சும்மா கிடக்கிற மூலையைத் தேடாமல், ஆட்கள் ஏற்கெனவே கூடுகிற இடத்தோடு ஒட்டுங்கள்.

இனி வரைகிற ஒழுங்கு. நிற்கும் வீடுகளை முதலில் வரைபடத்தில் கறுப்பாக நிரப்புங்கள். தெருக்கோடு அவற்றைத் தொடக் கூடாது. ஜி5 மனைகளின் மேல் வளைந்து போகட்டும். இரண்டு பக்கமும் சமமாக ஒன்றரை மீட்டர் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஓரிடத்தில் மூன்று மீட்டரையும் கிழக்குப் பக்கமே எடுக்கலாம். ஏனென்றால் கழிவு எல்லோரிடமிருந்தும் வருகிறது. தெருவுக்குப் போன மனைக்காரருக்கு அதே வரிசையில் தள்ளி இடம் கொடுக்கிறீர்கள். தள்ளும்போது பக்கத்து மனை, அதற்குப் பக்கத்து மனை என்று சங்கிலியாக எல்லை நகரும். நிற்கிற வீடு வந்ததும் சங்கிலி அறுந்துபோகும். அந்த இடத்தில் வரைபவர் மாட்டிக்கொள்வார். ஆகவே இரண்டு நிற்கும் வீடுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு துண்டையும் தனிக் குவியலாகக் கணக்கிட்டு, துண்டுக்குள் கழிவு போதுகிறதா என்று பாருங்கள். போதவில்லை என்றால் அங்கே தெரு அரை மீட்டர் சுருங்கட்டும். மொத்தத்தில் 606 இருக்கிறது என்று மகிழ்ந்துவிட்டு, தேவையான துண்டில் 20 ச.மீ. இல்லாமல் நிற்பது வழக்கமான விபத்து.

முகப்பையும் பரப்பையும் ஒன்றாக நினைக்காதீர்கள். 70 ச.மீ. மனைக்கு 63 கொடுத்துவிட்டீர்கள், சரி. ஆனால் முன்பு 5 மீட்டர் முகப்பில் கடை இருந்தது, இப்போது 3.15 மீட்டர் முகப்பும் 20 மீட்டர் ஆழமும் என்றால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

---

முட்டுச்சந்து:

நன்றி. இரண்டு உறுத்தல். 99 ச.மீ.க்காரர் 9.9 இழந்து 89.1 வைத்திருக்கிறார். 101க்காரர் 20.2 இழந்து 80.8. பெரிய மனை வைத்திருந்தவருக்குச் சின்ன மனை. இதை யாரும் கேட்கவில்லையா? இன்னொன்று, கழிவுக்குப் பணம் உண்டா இல்லையா?

---

கழிவுக்கணக்கு:

முதலாவது படிநிலையின் பிறவிக்கோளாறு. மருந்து வருமான வரியில் இருக்கிறது: முதல் 30க்கு ஒன்றுமில்லை, அடுத்த 70க்கு மட்டும் 10 சதவீதம், அதற்கடுத்த 100க்கு மட்டும் 20 என்று அடுக்கலாம். 101க்காரர் 7.2 மட்டும் இழப்பார். ஆனால் உங்கள் முடுக்கில் என்ன ஆகிறது பாருங்கள். 70 ச.மீ. மனை தலைக்கு 4, ஆக 72. 150 தலைக்கு 17, ஆக 136. 400 தலைக்கு 87, ஆக 174. மொத்தம் 382. 7.5 மீட்டர் தெருவுக்கு 540 வேண்டும், 158 பற்றாக்குறை. 6 மீட்டருக்கு 360 போதும், 22 மிஞ்சும். மறுமுனையைத் திறக்க முடியாது. 3 மீட்டர் நடைபாதையாகத் திறந்தாலும் 45 வேண்டும், 23 குறைகிறது. அந்த 23ஐ இடத்தைக் காலி செய்துபோக விரும்பும் ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கலாம். பூஜுக்கு வெளியே முந்த்ரா சாலை, ராவல்வாடி உட்பட நான்கு இடங்களில் மாற்று மனைகள் கொடுத்தார்கள். கோட்டைக்குள் நெருக்கம் தளர்ந்ததில் அதற்கும் பங்குண்டு.

ஆக, நியாயமான அடுக்கு வேண்டுமென்றால் தெரு ஒன்றரை மீட்டர் குறையும். அகலமான தெரு வேண்டுமென்றால் 101க்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். நடுவழி: முழு மனைக்கும் சதவீதத்தைப் போட்டுவிட்டு, எந்த மனையும் தன் படிக்குக் கீழ்ப் படியின் உச்சத்தில் இருப்பவருக்கு மிஞ்சுவதைவிடக் குறையக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்பது. 101க்காரருக்கு 90 உறுதி. உங்கள் 40 மனையில் யாருமே படி ஓரத்தில் இல்லாததால் மொத்தம் மாறாது. உண்மையான ஊரில் ஓரத்தில் நிற்பவர்கள் நிறைய இருப்பார்கள், ஏனென்றால் பாகம் பிரித்தவர்கள் முழு எண்ணில்தான் பிரித்திருப்பார்கள்.

இரண்டாவது, பணம். அது ஸ்கீமின் மனைவாரிக் கணக்குப் பட்டியலான எஃப் படிவத்தில் நடக்கும். மூல மனைக்கு ஒரு வரி, அதே வரியில் இறுதி மனை. 150 ச.மீ., மதிப்பு ச.மீ. ரூ.1,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூல மதிப்பு 1,50,000. இறுதி மனை 120, பழைய மதிப்பில் 1,20,000. வித்தியாசம் 30,000 உரிமையாளருக்கு இழப்பீடு. தெருவும் குழாயும் வந்த பிறகு அதே 120 ச.மீ. ரூ.1,400 வீதம் 1,68,000. ஏற்றம் 48,000, அதில் பாதி வரை ஆணையத்துக்கு, அதாவது 24,000. நிகரமாக அவருக்கு 6,000 கிடைக்கிறது. அதே ஏற்றத்தை ரூ.1,600 என்று மதிப்பிட்டால் ஏற்றம் 72,000, பாதி 36,000, அவர் 6,000 கட்ட வேண்டும். ச.மீ.க்கு 200 ரூபாய் மதிப்பீட்டில் ஆள் கடன்காரர் பக்கம் போய்விடுகிறார். இரண்டு மதிப்புக்கும் தேதி ஒன்றே: ஸ்கீம் போடும் எண்ணத்தை அறிவித்த நாள். நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த நாள் வந்தால் பழைய மதிப்பு தரையில் கிடக்கும், ஏற்றம் பிரமாதமாகத் தெரியும். வீடு போனவரிடம் அதைக் காட்டி வசூலிக்க முனைவது நடக்கிற காரியமில்லை. உள்கட்டமைப்புக்கு வெளியிலிருந்து நிதி வந்தால்தான் பேரிடர் ஊரில் இது ஓடும்.

நேரத்தை மிச்சப்படுத்தியது சட்டத்தின் 1999 திருத்தம். வரைவு ஸ்கீம் ஒப்புதல் ஆனதுமே தெரு நிலம் ஆணையத்துக்கு வந்துவிடும். பணக்கணக்கு முடியும் இறுதி ஸ்கீம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இது இல்லாமல் போயிருந்தால் இன்றுவரை கூடாரத்தில் இருந்திருப்பார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகையில்லை.

---

அடிமட்டம் பதில்:

எல்லோரும் மேலிருந்து பார்க்கிறீர்கள். குறுக்குவெட்டு ஒன்று வரையுங்கள்.

6 மீட்டர் தெருவில் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் இடையே 3 மீட்டர் விட வேண்டும் என்பது மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேட்டின் விதி. ஒரு ஓரத்தில் குடிநீர், எதிர் ஓரத்துக்குச் சற்று உள்ளே கழிவுநீர் என்றால் 6 மீட்டரில் இது சரியாக அடங்கும், 4.5 மீட்டரில் அடங்காது. அகலத்துக்கான மூன்றாவது கணக்கு இது. குறுக்கே கடக்கும் இடத்தில் குடிநீர் மேலே, அரை மீட்டர் இடைவெளி. குடிநீருக்கு உருக்கி இணைத்த எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய் போடுங்கள், தரை அசைந்தால் வளைந்துகொடுக்கும். சிமென்ட் மூட்டுள்ள குழாய் ஒவ்வொரு மூட்டிலும் விட்டுப்போகும். மறுமுனை திறந்தால் குழாயையும் வளையமாக மூடுங்கள், இரு முனையிலும் வால்வு. நடைபாதை மட்டும் திறந்தாலும் குழாய் போகும். அந்த 23 ச.மீ.யை வாங்க இது இன்னொரு காரணம்.

மட்டம்தான் பெரிய வலி. இடிபாட்டை வெளியே கொண்டுபோகச் செலவு என்று தெருவிலேயே பரப்பி உருட்டிவிடுவார்கள். 30 செ.மீ. உயரும். நின்ற பழைய வீடுகளின் வாசற்படி தெருவைவிடத் தாழ்ந்துபோகும். முதல் மழையில் தண்ணீர் நடுக்கூடத்தில். கட்சில் மழை குறைவு என்று சமாதானம் சொல்வார்கள். பெய்கிற நாளில் கொட்டித்தான் தீர்க்கும். 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு லிஸ்பனில் தாழ்வான பகுதியை இடிபாட்டைப் போட்டே உயர்த்தினார்கள். ஆனால் அங்கே முழுப் பகுதியையும் துடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள், பழைய வாசற்படி மிஞ்சவில்லை. சில வீடுகள் நிற்கும் முடுக்கில் அந்த வேலை ஆகாது. நிற்கும் வீடுகளில் மிகத் தாழ்ந்த வாசற்படியைக் கண்டுபிடியுங்கள். தெருவின் முடிந்த மட்டம் அதற்கு 15 செ.மீ. கீழே. அங்கிருந்து பின்னோக்கி எவ்வளவு தோண்டுவது என்று வரும். முடுக்கின் சரிவு மூடிய முனையை நோக்கி இருந்தால் அதைத் திறந்தே ஆக வேண்டும், நிலக்கணக்கு என்ன சொன்னாலும் சரி.

---

நிழல்பக்கம் பதில்:

கணக்கெல்லாம் சரி. ஒரு மாற்றுக் கருத்து. 3 மீட்டர் முடுக்கில் 7 மீட்டர் சுவர் இருந்தபோது நடுப்பகல் தவிரப் பெரும்பாலும் நிழல். 7.5 மீட்டர் தெருவில் அது போய்விடும். கட்ச் வெயிலில் நிழல் என்பது தெருவின் ஒரு பாகம், அலங்காரமில்லை. மூடிய சந்துகளில் திண்ணைப் பேச்சும் குழந்தை விளையாட்டும் நடந்தன. திறந்துவிட்டால் மோட்டார் சைக்கிள் குறுக்குவழி ஆக்கிவிடும். திறக்கும் முனையில் கழற்றக்கூடிய இரும்புத் தூண் நடுங்கள். சாவி தெருக்காரரிடம் ஒன்று, தீயணைப்பு நிலையத்தில் ஒன்று. அகலப்படுத்தின இடத்தில் மறுநாளே கார் வந்து நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்; இருபுறமும் கார் நின்றால் 6 மீட்டர் மறுபடி 2.5 மீட்டர்தான். அதில் தீயணைப்பு வண்டி எங்கே போகும்?

இன்னொன்று, வாடகைதாரர். எஃப் படிவத்தில் அவருக்கு வரி கிடையாது. இடிந்த வீட்டுக்கு வாடகை உரிமை என்ன என்று தனியாக ஒரு முடிவு எடுக்காவிட்டால் உரிமையாளர் இறுதி மனையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

கட்டத் தடை பற்றி யாரும் பேசவில்லை. தெரு வரையும் வரை கட்டாதே என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் தேதி இல்லாத தடையை மக்கள் இரவில் சுவர் எழுப்பி உடைப்பார்கள். கோபேயில் சட்டப்படி தடை இரண்டே மாதம். மார்ச் 17க்குள் திட்டத்தை முடிவு செய்தாக வேண்டியிருந்தது, அந்த அவசரத்துக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. அதனால் முதலில் பெரிய சாலைகளையும் பெரிய பூங்காக்களையும் மட்டும் உறுதிசெய்து, உள்தெருக்களைக் குடியிருப்போர் மன்றங்களோடு பிறகு பேசினார்கள். உங்கள் முடுக்கு அந்த இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தது. கடைத்தெருவின் எல்லைக்கோட்டை முதலில் முடிவுசெய்யுங்கள். அதில் இருப்பவர்கள் கட்டத் தொடங்கட்டும்.

---

முட்டுச்சந்து:

அப்படியே ஒரு சின்னக் கேள்வி. மறுமுனையைத் திறந்தால் அந்தப் பக்கத்துத் தெருவில் எதிர்மனைக்குத் தெருக்குத்து வருமே? நிற்கும் வீட்டோடு ஒட்டிப் புது வீடு வந்தால் இடைவெளி எவ்வளவு?

---

வட்டச்சாலை:

தெருக்குத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள், அதற்காகவே ஆட்சேப மனு போடுவார்கள். இணைப்பை எதிர்மனையின் நடுவில் மோதவிடாமல், இரண்டு மனைகளின் பொது எல்லைக்கு நேராக 2 மீட்டர் நகர்த்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வண்டி திரும்பவும் அதனால் கெடுதல் இல்லை, மூலைகளை வெட்டியிருந்தால். மூலையிலிருந்து இரு பக்கமும் 3 மீட்டர் அளந்து குறுக்கே வெட்டினால் மூலைக்கு 4.5 ச.மீ. போகும். இரண்டு மூலைக்கு 9. இதைக் கழிவுக் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள், கடைசியில் ஞாபகம் வந்தால் மூலைமனைக்காரர் தலையில்தான் விழும். 1931 நிலநடுக்கத்துக்குப் பிறகு நியூசிலாந்தின் நேப்பியரிலும் மூலைகளைச் சரித்து வெட்டினார்கள்.

---

அளவைச்சங்கிலி:

இடைவெளி, நிலநடுக்கம் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4326இல் இருக்கிறது. கான்கிரீட் சட்டக வீட்டுக்குத் தளத்துக்கு 20 மி.மீ., இரண்டு தளத்துக்கு 40. எந்த வீடானாலும் 25க்குக் குறையக் கூடாது. இடைவெளியைப் புது வீட்டுக்காரர் மனைக்குள் விட வேண்டும். பழைய பொதுச்சுவரைப் புது வீட்டின் சுவராகப் பயன்படுத்த அனுமதி தராதீர்கள். இரண்டும் வெவ்வேறு விதமாக ஆடி ஒன்றை ஒன்று இடிக்கும். அந்த 40 மி.மீ.க்குள் சாந்தும் செங்கல் துண்டும் விழுந்து இறுகிவிடும். கட்டும்போது தெர்மோகோல் தகடு வைத்துக் கட்டிவிட்டு, பிறகு உருவி எடுத்து, மேலே தகர மூடி போடச் சொல்லுங்கள்.